அடகுச்சீட்டின் கட்டங்கள்

காவிரி டெல்டாவில் மூழ்கக்கூடியவை இரண்டு. ஒன்று பயிர், இன்னொன்று நகை. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் ஊற்றினால் இளம் சம்பா மூழ்கும். கெடு தாண்டினால் அடகில் இருக்கும் நகை மூழ்கும். பயிர் மூழ்கினால் அதிகாரிகள் வரப்பில் நின்று கணக்கெடுப்பார்கள், பத்திரிகையில் படம் வரும், நிவாரணம் கேட்டு மறியல் நடக்கும். நகை மூழ்குவது வெளியே தெரியாது. ஒரு கல்யாண வீட்டுக்கு ஒரு பெண் கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு வருவாள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் செய்தி.

என் பிழைப்பு இந்த இரண்டாவது மூழ்குதலுக்குப் பக்கத்தில் நடக்கிறது. நகைக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். அலுவலகம் சென்னையில், நான் பெரும்பாலும் தஞ்சாவூரில். ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிடும். அதை வாடிக்கையாளர் நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் துறை படிக்கும். அவர்களுக்குப் புரிந்தது ஒரு எக்ஸெல் தாளாக எங்களுக்கு வரும். நாங்கள் அதைக் கட்டங்களாகவும் நிபந்தனைகளாகவும் சிவப்பு எழுத்துப் பிழைச்செய்திகளாகவும் மாற்றுவோம். கடைசியில் அது ஏதோ ஒரு கடைத்தெருவில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவரிடம், "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா" என்ற ஒற்றை வாக்கியமாகப் போய்ச் சேரும்.

கம்ப்ளையன்ஸ் என்பதைத் தமிழில் 'இணக்கம்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் இணக்கம் என்றால் நம் காதுக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கே ஒரு தரப்புக்கு மட்டும்தான் இணங்குவதற்கென்று ஒரு துறையும் சம்பளமும் இருக்கின்றன. இன்னொரு தரப்பு எதற்கு இணங்குகிறோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறது. நகைக்கடன் விதிகள் சமீபத்தில் மாறிய விதத்தை உள்ளிருந்து பார்த்தபோது எனக்கு மறுபடி மறுபடி தோன்றியது இதுதான்.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நகைக்கடன் கொடுப்பவர்களை ஆய்வு செய்ததில் கண்ட குறைகளின் பட்டியல் அது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நகையை மதிப்பிடுகிறார்கள், கடன் எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்பதில்லை, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை, கெடு முடிந்ததும் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு கடனைப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். எல்லாமே உண்மையான குறைகள்.

2025 ஏப்ரல் 9-இல் வரைவு விதிகள் வந்தன. அதில் நகைக்கு உரிமைச் சான்று என்ற விஷயமும் இருந்தது. தமிழ்நாட்டில் விவசாய சங்கங்கள் கொதித்தன. பாட்டி காலத்து அட்டிகைக்கு யாரிடம் ரசீது இருக்கிறது? முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30-இல் நிதியமைச்சகமே, சிறு கடன்காரர்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6-இல் இறுதி விதிகள் வந்தன. ஆறு நாள் கழித்து, ஜூன் 12-இல், மேட்டூர் அணை வழக்கமான தேதியில் திறந்தது. நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 கெடு. அதற்கு முன் கொடுத்த கடன்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும்.

இதற்கிடையில் 2025 நவம்பர் 28-இல் ரிசர்வ் வங்கி தன் வீட்டையே ஒழுங்குபடுத்தியது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை விலக்கி, 244 தொகுப்பு நெறிமுறைகளாகச் சுருக்கியது. எங்கள் அலுவலகத்தில் அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு விதியின் எண் மாறினால் நூறு இடத்தில் மாற்ற வேண்டும். ஆனால் எனக்கு அந்த எண்தான் மனதில் நின்றது. ஒன்பதாயிரம். முழுநேர வேலையாக இதைப் படிப்பவர்களுக்கே ஒன்பதாயிரம் அதிகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றே அதிகம்.

*

அடகுச்சீட்டில் உள்ள கட்டங்கள் வழியாகப் போனால் விதி எங்கே வாழ்க்கையில் இடிக்கிறது என்று தெரியும். முதல் கட்டம்: கடனின் நோக்கம்.

புதிய விதிகள் நகைக்கடனை இரண்டாகப் பிரிக்கின்றன. நுகர்வுக் கடன், வருமானம் ஈட்டும் கடன். விவசாயம் இரண்டாவதில் வரும். கல்யாணம், மருத்துவம், படிப்பெல்லாம் முதலாவதில். எவ்வளவு கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு நுகர்வுக் கடனுக்குத்தான் நேரடியாக விதிக்கப்பட்டிருக்கிறது. திரையில் இது ஒரு சின்னப் பட்டியல். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் அத்தை 2024 ஆவணியில் 1,80,000 ரூபாய்க்கு நகை வைத்தாள். அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தது. குறுவை போச்சு, சம்பா மட்டும்தான். அந்தப் பணம் எங்கே போனது என்று ஒருநாள் அவளிடம் உட்கார்ந்து கேட்டேன். உழவுக்கும் விதைக்கும் கொஞ்சம், நடவுக்கூலி, டிஏபி, யூரியா. பையனுக்குக் காலேஜ் ஃபீஸ். பேராவூரணி பக்கம் சொந்தக்காரர் வீட்டு மொய் விருந்துக்குத் திருப்பி வைக்க வேண்டிய மொய். போர் மோட்டார் ரிப்பேர்.

"இதுல எது விவசாயம், எது வீட்டுச் செலவுன்னு பிரிச்சுச் சொல்லு அத்தை."

"எல்லாம் ஒரே பையிலதானே இருந்துச்சு, நான் எப்படிப் பிரிப்பேன்?"

மொய் விருந்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஒரு நோட்டும் ஊரின் ஞாபகமும்தான். பேராவூரணி வட்டாரத்தில் அந்தப் பணத்தை முதலாக வைத்துக் கடை போட்டவர்கள், கிணறு வெட்டியவர்கள் உண்டு. அப்படியானால் திருப்பி வைக்கும் மொய் நுகர்வா, கடன் அடைப்பா, முதலீடா? எங்கள் பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை. கவுண்டரில் இருப்பவர் எதை அழுத்தினால் கடன் சீக்கிரம் நகருமோ அதை அழுத்துவார். பிறகு அந்தத் தரவை வைத்து, இந்த மாவட்டத்தில் விவசாயக் கடன் இவ்வளவு என்று யாரோ அறிக்கை எழுதுவார்கள்.

வகை பிரிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. விவசாயத்துக்கென்று குறைந்த வட்டியில் கொடுக்கும் கடன் விவசாயத்துக்குப் போக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அத்தைக்கு முறையான பயிர்க்கடன் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அதற்கு முன்னால் வருகிறது. அவள் உழுவது கோயில் நிலம், குத்தகை. பட்டா அவள் பெயரில் இல்லை. சிட்டா, அடங்கல் என்று கேட்கும் இடத்திலேயே கதை முடிந்துவிடும். 1952-இலேயே தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்த மண் இது. ஆனாலும் குத்தகைக்காரரிடம் வங்கி ஏற்கும் காகிதம் இன்றைக்கும் கம்மிதான். அவர்களுக்குக் கழுத்தில் கிடப்பதுதான் பட்டா.

*

இரண்டாவது கட்டம்: உரிமை.

வரைவைப் பார்த்து ஊர் பயந்தது இந்தக் கட்டத்தினால். இறுதி விதியில் ரசீது கட்டாயம் என்று இல்லை. உரிமையில் சந்தேகம் இருந்தால் கடன் கொடுக்கக் கூடாது, தகுந்த ஆவணமோ, நகை தன்னுடையதுதான் என்ற உறுதிமொழியோ வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நிம்மதியான மாற்றம். மென்பொருளில் இது ஒரு டிக் பெட்டியாகவும் ஒரு கையெழுத்தாகவும் ஆகிவிட்டது.

ஆனால் அந்த உறுதிமொழியில் "நான்" என்று சொல்வது யார்? டெல்டா கிளைகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் சீட்டுகள் ஆண்களின் பெயரில் இருக்கும், நகைகள் பெண்களுடையவை. சீராக வந்த சங்கிலி, தாய்வீட்டு வளையல், மகளுக்கென்று சேர்த்த தோடு. "இந்த நகைகளின் முழு உரிமையாளர் நான்" என்று மாமா கையெழுத்துப் போடுவார். அத்தை பக்கத்தில் நிற்பாள், பொய் என்று இருவருக்குமே தோன்றாது. கடன் அடைந்ததும் நகையைத் திரும்பப் பெறும் உரிமை சீட்டில் பெயர் இருப்பவருக்கோ அவருடைய சட்டபூர்வ வாரிசுக்கோதான் என்பது மாமா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதுதான் உறைக்கும். தன் சங்கிலியைத் திருப்ப, தான் இன்னாரின் வாரிசு என்று ஒரு பெண் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பொற்கொல்லர் குடும்பத்திலிருந்து வந்த வயதான மதிப்பீட்டாளர் ஒருவரை எனக்குத் தெரியும். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து மாற்று சொல்லிவிடுவார். மென்பொருளைக் காட்டப் போயிருந்த நாளில் உரிமைக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கல்லுக்கு மாத்து தெரியும் தம்பி. யாருதுன்னு தெரியாது. ஆனா கழட்டறப்ப யார் முகம் மாறுதுன்னு பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும்." முகத்தைப் பதிய எங்களிடம் கட்டம் கிடையாது. ஆனால் சீட்டை அத்தையின் பெயரிலேயே போடலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை. விதி மாறத் தேவையில்லாமல் வீட்டில் மாற்றக்கூடிய விஷயம் இது.

*

மூன்றாவது கட்டம்: தொகை. கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகையின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடனாகக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் மையம். பழைய உச்சவரம்பு 75 சதவீதம். புதிய விதிப்படி, நுகர்வுக் கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை என்றால் 85 சதவீதம், 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. செய்தித்தாள்கள் "இனி 85 சதவீதம்" என்று தலைப்புப் போட்டன. தலைப்பில் வராத வரி ஒன்று உண்டு. வட்டியையும் அசலையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், கெடுவன்று கட்ட வேண்டிய மொத்தத் தொகையைத்தான் இந்த 85-உடன் ஒப்பிட வேண்டும்.

ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள நகை, ஒரு வருஷக் கெடு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம் என்றால் கையில் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 78,000. வட்டி 24 சதவீதம் என்றால் சுமார் 68,500. முன்பு வங்கிசாரா நிதி நிறுவனங்கள் அசலை மட்டும் பார்த்து 75,000 வரை கொடுத்தன. ஆக 85 என்ற பெரிய எண்ணைக் கேட்டுவிட்டு வட்டி அதிகமான இடத்துக்குப் போகிறவருக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வட்டி ஏறினால் கடன் சுருங்கும் என்பது நல்ல ஏற்பாடு. கெடுவன்று வட்டியோடு சேர்ந்த கடன் நகையின் மதிப்பையே நெருங்கி, நகை கைவிட்டுப் போவதைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைக் கவுண்டரில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

நகைக்கு மதிப்புப் போடுவதற்கும் இப்போது ஒரே முறை. முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை, இரண்டில் எது குறைவோ அது. கல், அரக்கு கழித்துத் தங்கத்துக்கு மட்டும். விலை ஏறுமுகத்தில் இருந்தால், கடைத்தெருப் பலகையில் பார்த்த விலைக்கும் சீட்டில் இருக்கும் விலைக்கும் ஏன் இடைவெளி என்பதற்கு இதுதான் பதில். யாரும் ஏமாற்றவில்லை.

அந்த 2.5 லட்சம் வரம்பு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் போனால் திருப்பிக் கட்டும் சக்தியை விரிவாக ஆராய வேண்டும், வருமானத்துக்குக் காகிதம் கேட்பார்கள். 2021-இல் ஒரு பவுன் 36,000 ரூபாய் வாக்கில் இருந்தது. அப்போது இந்த வரம்பு இருந்திருந்தால் அதைத் தொட எட்டுப் பவுன் வேண்டியிருக்கும். 2025 தீபாவளி வாக்கில் பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. மூன்றேகால் பவுனிலேயே வரம்பு வந்துவிடுகிறது. ஒரு தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும். 'சிறு கடன்காரர்' என்ற வகை ரூபாயில் நின்றுகொண்டிருக்க, தங்கம் மேலே போகப் போக அந்த வகைக்குள் இருக்கும் நகை சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதே மாதிரி ஒன்றை இங்கே ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு ஒரு வரி. நிபந்தனைகள் பிறகு வந்தன. சலித்து முடித்தபோது 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் சுமார் 35 லட்சம் தகுதி இல்லாதவை என்று ஆனது. முறைகேடுகள் இருந்தன, சலிக்கத்தான் வேண்டும். ஆனால் ஊர் கேட்டது அந்த ஒரு வரியை மட்டும்.

*

கடைசிக் கட்டம் கெடு தேதி. என்னைப் பொறுத்தவரை எல்லாக் கஷ்டமும் இங்கேதான் குவிகிறது.

சம்பாவுக்குப் பணம் தேவைப்படுவது ஆடியிலிருந்து புரட்டாசி வரை. அது நெல்லாக மாறி, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, கணக்கில் பணம் ஏறுவது தை, மாசியில். ஆவணியில் வைக்கும் நகைக்குப் பன்னிரண்டு மாதக் கெடு என்றால் அது அடுத்த ஆவணியில் வந்து விழும். தையில் வந்த பணம் அதற்குள் பழைய பாக்கிக்கும் கோடைச் செலவுக்கும் போயிருக்கும். அடுத்த சம்பாவுக்குப் பணம் தேவைப்படும் அதே வாரத்தில் போன சம்பாவின் கடன் கதவைத் தட்டும். அதனால்தான் இங்கே வருஷா வருஷம் "வட்டி கட்டி மாத்தி வைக்கிற" வழக்கம். ரிசர்வ் வங்கி ஆய்வாளருக்கு இது வாராக்கடனை மறைக்கும் தந்திரமாகத் தெரியும். சில இடங்களில் அது தந்திரமேதான். அத்தைக்கு அது பஞ்சாங்கம்.

2024 சுற்றறிக்கைக்குப் பிறகு பல கிளைகள் உஷாராகிவிட்டன. வட்டி மட்டும் கட்டினால் போதாது, அசலும் சேர்த்து முழுதாகக் கட்டி நகையைத் திருப்பி, பிறகு புதிதாக வையுங்கள் என்றார்கள். 2025 ஆவணியில் அத்தைக்கும் அதே பதில். நான் கூடப் போயிருந்தேன். ஜூனில் வந்த இறுதி விதியில், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டால், கடன் ஒழுங்காக இருந்து மதிப்பும் போதுமானதாக இருந்தால், புதுப்பிக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. என் கைபேசியில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, முழுதும் படித்தார். "கரெக்ட்தான் சார். ஆனா ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கு. ஹெட் ஆபீஸ்லேர்ந்து எங்களுக்கு இன்னும் வரல. அது இல்லாம இது பழைய லோன் வேற." அவர் சொன்னது சட்டப்படி சரி. வாதம் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் அத்தை யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. கிளைக்கு எதிரே டீக்கடைப் பக்கம் அதற்கென்றே ஒருவர் இருந்தார். காலையில் பணம் கொடுப்பார், நகை வெளியே வரும், மறுநாள் மறுபடி உள்ளே போகும், பணம் அவருக்குப் போய்விடும். இரண்டு நாளுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். 1,80,000-க்கு 3,600. வங்கியின் 9 சதவீதத்தில் பார்த்தால் ஏறக்குறைய எண்பது நாள் வட்டி, இரண்டே நாளில். கடன் வாங்குபவரைப் பாதுகாக்க எழுதப்பட்ட ஒரு கண்டிப்பு, வங்கி வாசலிலேயே எந்த விதிக்கும் உட்படாத ஒரு கந்துவட்டித் தொழிலைப் பிறப்பித்துவிட்டது. அதைச் சரிசெய்யும் விதியும் எழுதப்பட்டாகிவிட்டது. ஆனால் அது அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியின் விலையைக் கட்டியது வங்கியல்ல, ரிசர்வ் வங்கியல்ல, எங்கள் நிறுவனமும் அல்ல.

பஸ்ஸில் வரும்போது அத்தை கேட்டாள். "ஏண்டா தம்பி, நீ காட்டுனது கவர்மெண்டு பேப்பர்தானே? அப்புறம் ஏன் அவரு கேக்கல?"

ஒரு விதிக்குப் பிறந்த தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு, ஊருக்கு வந்து சேரும் தேதி வேறு என்று விளக்கினேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகிற மாதிரி. அவளுக்கு உடனே புரிந்தது. "அதுவும் கடைமடைக்கு வராமலே போறதும் உண்டு" என்றாள்.

*

வந்து சேர்ந்தாலும் எல்லா வாசலுக்கும் வராது என்பது இன்னொரு சங்கதி. டெல்டாவில் ஏதாவது ஒரு சிறு நகரத்தின் கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கி, ஒரு வங்கிசாரா நிறுவனம், கொஞ்சம் தள்ளித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், சந்துக்குள் ஒரு அடகுக்கடை. ஒரே சங்கிலியை நான்கிலும் வைக்கலாம். முதல் இரண்டுக்குத்தான் ரிசர்வ் வங்கியின் இந்த விதிகள். தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ், பதிவாளரின் கட்டுப்பாட்டில். அடகுக்கடை 1943-ஆம் ஆண்டின் அடகுத்தொழில் சட்டத்தின் கீழ். நாலு வாசல், மூன்று சட்டம். எந்த வாசலுக்குள் போகிறோமோ அதைப் பொறுத்து நம் உரிமைகள் மாறும். போகிறவர்கள் வாசலைத் தேர்ந்தெடுப்பது வட்டியைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, யார் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து.

மொழியைப் பற்றியும் விதி சொல்கிறது. கடன் விவரங்கள் அந்தப் பகுதியின் மொழியிலோ கடன் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், நிறுவனத்தின் ஊழியர் அல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்க வேண்டும். அருமையான விதி. அதன்படி எங்களுக்கு வந்த தமிழ் வாசகத்தில் "பிணையப் பொருளின் தகுதியுறு நிகர மதிப்பு" என்று இருந்தது. அந்த மதிப்பீட்டாளர் பெரியவரிடம் காட்டினேன். "எடை, மாத்து, கழிவு. இந்த மூணுதான் தம்பி சீட்டுல வேணும். எங்க அப்பா காலத்துலேர்ந்து சனங்க கேக்கறது இது மூணுதான்" என்றார். சண்டை போட்டு அந்த மூன்று சொற்களையும் சான்றிதழ் வார்ப்பில் சேர்த்தோம். என் வேலையில் நான் எழுதியவற்றுள் எனக்குப் பிடித்த வரி அதுதான், அதில் நிரலே கிடையாது.

ஊருக்குச் செய்தி போகிற வழி வாட்ஸ்அப். 2025 மே மாதம் எங்கள் குடும்பக் குழுவில் "ரசீது இல்லாவிட்டால் இனி நகைக்கடன் கிடையாது" என்று வந்தது. வரைவின் ஒரு துண்டு அது. இறுதி விதி வந்து மாதக்கணக்கான பிறகும் அதே செய்தி மறுபடி வந்தது. வரைவின் பயம் பரவிய அளவுக்கு இறுதி விதியின் பாதுகாப்புகள் பரவவில்லை. பயத்தை ஃபார்வர்ட் செய்வது சுலபம். உரிமையை யாராவது உட்கார்ந்து படித்து, நம் பேச்சில் மாற்றி, பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனங்களுக்கு அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன், அதற்குத்தான் சம்பளம். அத்தைகளுக்கு அந்த வேலையைச் செய்ய அவர்கள் வீட்டில் படித்த பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. இதை வாசிக்கும் பலரும் அந்தப் பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, 2026 ஏப்ரல் 1 முதல் எந்த வங்கியிலும் வங்கிசாரா நிறுவனத்திலும் நகை வைக்கப்போகிறவர்களுக்கு வீட்டில் சொல்லிவைக்க வேண்டியவை. மதிப்பிடும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். எடை, மாற்று, கழிவு எழுதிய சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். முழுதும் கட்டி முடித்தால் அன்றைக்கே நகை கைக்கு வர வேண்டும், அதிகபட்சம் 7 வேலைநாள். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். ஏலம் என்றால் முன்கூட்டியே அறிவிப்பு வர வேண்டும். முதல் ஏலம் கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85. கடன் போக மிஞ்சிய பணம் உங்களுடையது, ஏலத்தொகை முழுதும் வந்த 7 வேலைநாளுக்குள் வந்து சேர வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்செடுத்து அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கேட்டாள், பிறகு அந்தத் தெருவுக்கே.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பீரோவில் இருக்கும் சீட்டை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்த வாசலில் வைத்தது, கெடு எந்த மாதத்தில் விழுகிறது. கார்த்திகையில் விழுகிறது என்றால், நெல்லுப் பணம் வந்த கையோடு தையிலேயே போய்க் கொஞ்சம் அசலைக் கட்டி, தேதியைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள்.